பயந்தாங்கொள்ளி பிலோமினா அக்கா

எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தி முதலில் வருவது பந்தல்காரருக்கோ பூக்கடைக்கோ இல்லை, ஃப்ளெக்ஸ் அடிக்கும் எனக்குத்தான். திருவொற்றியூரில் இருக்கும் என் கடை எண்ணுக்கு யாராவது ஒரு படம் அனுப்புவார்கள். அடுத்து அளவு வரும். பெயர் கடைசியில்தான் வரும். எத்தனை வருடம் இந்தத் தொழில் செய்தாலும், படத்தைத் திறக்கும்போது தெரிந்த முகமாக இருந்துவிடக் கூடாதே என்று மனம் அடித்துக்கொள்ளும். போன மாதம் ஒரு மத்தியானம் அப்படித் திறந்த படத்தில் பிலோமினா அக்கா சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படத்தை எடுத்ததே நான்தான். அனுப்பியவருக்கு அது தெரியாது. ராயபுரத்தில் அக்காவின் தெருக்காரர் அவர். நான் போன் போட்டபோது, "ஆமாண்ணா, மெய்தான். பேருக்கு மேல அஞ்சா நெஞ்சம்னு பெருசா போட்ருண்ணா" என்றார். துக்கத்தில் இருப்பவர்களிடம் சண்டை போடக் கூடாது. போட்டுக் கொடுத்தேன். தெருமுனையில் கட்டிவிட்டார்கள். எல்லோரும் படித்துவிட்டுப் போனார்கள்.

அதைப் படித்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அக்காவோடு பழகியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் பார்த்ததிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி பிலோமினா அக்காதான். அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்று எனக்குத் தோன்றுகிறது.

அக்கா தண்டையார்பேட்டையில் ஒரு துணிக் கம்பெனியில் தையல் வேலை பார்த்தார். கணவர் ஆரோக்கியம் துறைமுகத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. கப்பலில் அடுக்கும் கண்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுகிறவர். ஒரே மகள், ரீட்டா. ராயபுரத்தில் ஒரு தொண்டு அமைப்பு நடத்திய முதலுதவிப் பயிற்சியில்தான் அக்காவும் நானும் பழக்கமானோம். பயிற்சி முடிந்ததும் நாங்கள் சிலர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்துக்கொண்டோம். எங்காவது விபத்து என்றால் அதில் தகவல் வரும். பக்கத்தில் இருப்பவர் ஓடிப்போய், ஆம்புலன்ஸ் வரும்வரை ரத்தத்தைக் கட்டுவது, மூச்சைப் பார்ப்பது, கூட்டத்தை விலக்குவது. அவ்வளவுதான் எங்கள் வேலை. சம்பளம் கிடையாது. நாங்கள் போட்டுக்கொள்ளும் ஆரஞ்சு மேல்சட்டைகூட அக்கா வீட்டு மெஷினில் தைத்ததுதான்.

பெரும்பாலும் என் பைக்கில்தான் வருவார். நல்ல கனத்த உடம்பு. அவர் ஏறி உட்கார்ந்தால் வண்டி ஒருமுறை முனகும். உட்கார்ந்ததும், "பயமா கீதுடா குமாரு" என்பார். ஒருமுறைகூட அதைச் சொல்லாமல் வண்டி கிளம்பியதில்லை. ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள், "அவ்ளோ பயமா இருந்தா எறங்கிக்கக்கா" என்று சொல்லிவிட்டேன். "எறங்கறதுக்கா ஏறுனேன்? பயமா கீதுன்னு சொன்னேன். நீ ஓட்டு" என்றார்.

போய்ச் சேர்ந்ததும் ஓட மாட்டார். எட்டவே நின்றுகொண்டு மூக்கை உறிஞ்சுவார். மேலே அறுந்த மின்கம்பி ஏதாவது தொங்குகிறதா, கீழே எண்ணெய் ஓடுகிறதா, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார். கூட்டம் கண்டபடி திட்டும். ஒருமுறை மணலி சாலையில் டேங்கர் லாரி கவிழ்ந்து கிடந்தது. டிரைவர் கை ஒடிந்து, ஓரமாக உட்கார்ந்து கதறிக்கொண்டிருந்தார். அக்கா தூரத்திலிருந்தே கேட்டார்: "மொதல்ல வண்டில இன்னா கீதுன்னு சொல்லு நைனா. அப்பால உன் கைய பாக்கறேன்." அந்த ஆள் வலியிலும் முறைத்தார். "தண்ணிம்மா. குடிக்கிற தண்ணி" என்றார். அக்கா நம்பவில்லை. லாரியைச் சுற்றி வந்து, சாலையில் ஓடிய தண்ணீரை முகர்ந்து பார்த்த பிறகுதான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். திரும்பி வரும்போது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காவும் சிரித்தார். பிறகு, "சிரி. பயம் இல்லாதவன கூட்டிகினு போனா ரெண்டு பொணம் தூக்கணும்டா" என்றார்.

வீட்டில் நிலைமை வேறு மாதிரி. சாப்பிட உட்கார்ந்தால் மூன்று பேர் கண்ணும் அந்தப் போன் மேலேயே இருக்கும் என்று ரீட்டா சொல்லியிருக்கிறாள். அது அதிர்ந்தால் ஆரோக்கியத்துக்குச் சோறு இறங்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மனிதர் போனை எடுத்து அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டார். அது அரிசிக்குள்ளிருந்து அடிக்க, அக்கா வீடு முழுக்கத் தேடி, கடைசியில் முழங்கை வரை டிரம்முக்குள் விட்டு எடுத்திருக்கிறார். அன்று நான் அவரைக் கூட்டிப்போக வாசலில் நின்றேன். ஆரோக்கியம் என்னைப் பார்த்துத்தான் பேசினார். "நானும் கப்பல்ல தொங்கிகினு கீறேன். இவளும் உன்கூட வந்துகினு கீறா. ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் வூட்டுக்கு வந்து சேரணும் இல்ல?" அக்கா சட்டையை மாட்டிக்கொண்டே, "வந்துடுவேன்யா. உனக்கு மேல எனக்கு பயம்" என்றார்.

எர்ணாவூரில் நடந்ததை இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ஒரு பழைய கிடங்கின் கழிவுத் தொட்டி. அதைச் சுத்தம் செய்ய இறங்கிய அண்ணன் மயங்கி விழுந்தான். அவனைத் தூக்க இறங்கிய தம்பியும் விழுந்தான். தகவல் வந்து நாங்கள் போனபோது நல்ல வெயில் ஏறியிருந்தது. அவர்களுடைய அம்மா தொட்டி விளிம்பில் மண்டியிட்டு, "யாராச்சும் எறங்குங்கய்யா, எறங்குங்கய்யா" என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். உள்ளே இருட்டில் தம்பியின் நீலச் சட்டை தெரிந்தது. ஏணி போட்டபடியே இருந்தது. கைக்கெட்டும் ஆழம் மாதிரிதான் தோன்றியது. அந்த நேரத்தில் படித்த பாடமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் கால் வைத்துவிட்டேன்.

அக்கா என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். நான் குப்புற விழுந்தேன். எழுவதற்குள் என் முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அந்த மாதிரித் தொட்டியில் வாயு தேங்கியிருக்கும். இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். முகமூடியும் காற்று உருளையும் இல்லாமல் யார் இறங்கினாலும் அடுத்த பிணம் அவர்தான். இது எங்களுக்குத் தெரியும். ஆனால் பெற்றவள் கதறும்போது தெரிந்தது எதுவும் ஞாபகத்தில் நிற்காது. என் மனைவி அப்போது நிறைமாதம். அதுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. "வுடுக்கா, வுடு" என்று திமிறினேன். அக்கா அசையவில்லை. என் மேல் உட்கார்ந்தபடியே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டு வழி சொன்னார். "ரெண்டு பேர் உள்ள கீறாங்க. மூச்சு முகமூடி இல்லாம வராதீங்க" என்றார். பக்கத்து மூடிகளைத் திறக்கச் சொன்னார், கயிறு போடச் சொன்னார், யாரும் இறங்காதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தினார். அந்த அம்மா ஓடிவந்து அக்காவின் கொண்டையைப் பிடித்து இழுத்து, முதுகில் அறைந்தார். ஒவ்வொரு அடியும் எனக்குக் கேட்டது. அக்காவின் உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியதும் என் முதுகில் தெரிந்தது. அப்படி ஒரு நடுக்கத்தை நான் அதற்கு முன்னால் யாரிடமும் உணர்ந்ததில்லை.

முகமூடியோடு ஆட்கள் வந்து இருவரையும் தூக்கினார்கள். இரண்டு பேருக்கும் உயிர் இல்லை. அக்கா என்மேலிருந்து எழுந்தார். அதே இடத்தில் மண்ணிலேயே குந்திவிட்டார்.

அதற்கப்புறம் அந்த அம்மா எப்படியோ விசாரித்துக்கொண்டு ராயபுரம் வந்துவிட்டார். அக்கா வீட்டு வாசலில் நின்று, "குண்டச்சி ஒருத்தி குந்திகினு எம் புள்ளய கொன்னுட்டா" என்று மண்ணை வாரித் தூற்றினார். இப்படிப் பல நாள் நடந்தது. ரீட்டா கதவைச் சாத்தப் போனாளாம். அக்கா விடவில்லை. "சாத்தாத. அந்தம்மா வேற எங்க போய் கத்தும்? இங்கயாச்சும் கத்தட்டும்" என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்து வைத்து உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாராம். தெருவே பார்த்தது. யார் பக்கம் பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

கொஞ்ச காலம் அக்கா குழுவுக்கு வரவில்லை. திரும்பி வந்த பிறகு ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார். டீக்கடையில் நிற்கும்போதோ, சிக்னலில் காத்திருக்கும்போதோ திடீரென்று கேட்பார்: "டேய் குமாரு, அன்னிக்கி அந்த சின்னவன் கை ஆடுச்சா? நீ பாத்தியா?" நான் எங்கே பார்த்தேன்? என் மூக்கு மண்ணில் அல்லவா இருந்தது. அதையே சொல்வேன். தலையாட்டிக்கொள்வார். கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் கேட்பார். மாதா கோயில் தேர்த் திருவிழாக் கூட்டத்தில்கூட என் தோளைத் தட்டிக் கேட்டார். ஒரு கட்டத்தில் மனசு கேட்காமல், "ஆடலக்கா. அவன் அப்பவே போய்ட்டான்" என்று சொல்ல ஆரம்பித்தேன். "ஆடல இல்ல?" என்பார். "ஆடல" என்பேன். அன்றைக்கு முகம் கொஞ்சம் தெளியும். அவருக்குச் சந்தேகம், அதனால் கேட்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவர் போன விதத்தைச் சொல்லவே கூசுகிறது. கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். சுற்றிலும் அத்தனை பெண்கள். தண்ணீர் தெளித்தார்கள். சோடா கொடுக்கப் பார்த்தார்கள். வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். மார்பை அழுத்தி மூச்சை மீட்க அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அக்கா இந்த வேலை செய்வதே அவர்களுக்குத் தெரியாது. விபத்துக்கு ஓடிய நாளெல்லாம் காய்ச்சல் என்றும் உறவில் சாவு என்றும் சொல்லித்தான் லீவு போட்டார். தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். ஊரில் எத்தனையோ பேருக்கு அழுத்தக் கற்றுக்கொடுத்தவர், தன் பக்கத்து மெஷின்காரிக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் குழுவுக்குத் தகவலும் வரவில்லை. நான் பைக்கை எடுத்திருந்தால் போய்ச் சேர்ந்திருப்பேன். எனக்கு வந்தது படம்தான்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, கல்லறைத் தோட்டச் சுவர் ஓரமாக ஆரோக்கியம் என்னைக் கூப்பிட்டார். பீடியைப் பற்றவைக்க இரண்டு மூன்று குச்சி வீணானது. அப்புறம் சொன்னார்.

"குமாரு, உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவ சத்தியம் வாங்கிகினா. இனிமே இன்னா. அந்த எர்ணாவூர் பையன் கை ஆடுச்சாம்டா."

நான் அவரையே பார்த்தேன்.

"மொதல்ல வெரலு. அப்பால கைய மேல நீட்டுனானாம். இவ பாத்துகினே இருந்தாளாம். எழுந்துடலாமான்னு நெனச்சாளாம். நீ அடில துள்ளிகினு இருந்தியாம். எழுந்தா நீ எறங்கிடுவன்னு தெரியும். உன் பொண்டாட்டி வயிறும் கையுமா நிக்கறது கண்ணுல வந்துச்சாம். இன்னும் அழுத்திகினு குந்திட்டேன்யான்னு சொல்லி அன்னிக்கி வுயுந்து அயுதா. ஒருநாள்கூட சரியா தூங்கினது இல்ல."

"என்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தாங்களே மாமா."

"நீ ஆடலன்னு சொல்லுவ இல்ல. அத கேக்கத்தான்."

அவர் போய்விட்டார். நான் அங்கேயே நின்று அழுதேன். என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அக்கா எனக்கு விட்டுப்போனது என் உயிர் என்று எழுதி இதை முடித்துவிடலாம். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தகவல் வரும்போதும் என்னோடு வண்டியில் ஏறி வருவது வேறு. அக்காவுக்குப் பதிலாக இப்போது என் பின்னால் உட்காருகிறவர் மணலியில் வெல்டராக இருப்பவர். நல்ல மனிதர், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, எங்கே போனாலும் எனக்கு முன்னால் பாய்கிறார். என்றைக்காவது ஒருநாள் ஒரு குழியின் விளிம்பில் அவரைக் கீழே தள்ளி நான் மேலே உட்கார வேண்டி வரும். உட்கார்ந்துவிடுவேன். உள்ளேயிருந்து ஒரு கை மேலே நீண்டால், அதைப் பார்த்துக்கொண்டே எழுந்திருக்காமல் இருக்க என்னால் முடியுமா என்றுதான் தெரியவில்லை.