ரெண்டாவது அடி

லாரி டயர்க் கடையில் அவனை எல்லோரும் 'ரெண்டடி' என்றுதான் கூப்பிடுவார்கள். சக்கரத்தின் இரும்பு வளையத்தோடு ஒட்டிக்கிடக்கும் டயரைச் சம்மட்டியால் அடித்துக் கழற்ற வேண்டும். மற்றவர்கள் ஓர் அடி போட்டுவிட்டு, கழன்றதா என்று குனிந்து பார்ப்பார்கள். அவன் பார்க்க மாட்டான். முதல் அடி விழுந்த கையோடு இரண்டாவதும் விழும். இவன் கைக்குக் கண்ணே கிடையாது என்று முதலாளி கேலி பேசுவார். அந்தக் கேலியில் பெருமையும் இருக்கும்.

கட்டியவனிடம் உதைபட்டே இளைத்துப்போன தங்கை, ஒருநாள் உடுத்த துணியோடு ஓடிவந்து அண்ணன் வீட்டில் தஞ்சம் புகுந்தாள். மறுவாரம் அவள் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது, பின்னாலேயே கணவனும் நுழைந்தான். பட்டப்பகல். பேச்சே இல்லை. தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தரையில் தள்ளி, வெட்டுக்கத்தியை வீசினான். தடுத்த அவள் கை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை பிளந்தது. சாப்பாடும் இரத்தமும் கிரீஸ் தரையில் கலந்து ஓடின. கழுத்துக்குக் குறிவைத்துக் கத்தி மறுபடி உயர்ந்தபோது, அண்ணனின் சம்மட்டி கணவனின் கையில் இறங்கியது. எலும்பு நொறுங்கியது. கத்தி தெறித்து லாரிக்கு அடியில் போய் விழுந்தது.

அதோடு நின்றிருக்கலாம். கை நிற்கவில்லை. இரண்டாவது அடி மண்டையில் விழுந்தது. அந்த இடத்திலேயே உயிர் போனது.

வக்கீல் அவனிடம் புரியும்படி சொல்லியிருந்தார். இன்னொருவர் உயிரைக் காக்க அடிக்கலாம்; ஆபத்து நீங்கியபின் அடிக்கக் கூடாது. முதல் அடி குற்றமே இல்லை, இரண்டாவதுதான் கழுத்தை அறுக்கிறது. எல்லாம் பதற்றத்தில் நொடிப்பொழுதில் நடந்துவிட்டது என்று நம்ப வைத்தால் விடுதலைக்கு வழியுண்டு. தங்கை கூண்டில் ஏறி, தையல் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, அண்ணன் இல்லையென்றால் தான் இல்லை என்று கதறியபோது, தட்டச்சு செய்துகொண்டிருந்தவரின் விரல்களே நின்றுபோயின.

அவன் நல்லவன் என்று சாட்சி சொல்ல முதலாளி வந்தார். அந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது என்று அரசு வக்கீல் போகிறபோக்கில் கேட்டார். முதலாளி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"இவன் மாதிரி வேலைக்காரன் கிடைக்க மாட்டான் சார். முதல் அடியிலயே கழண்டிருந்தாலும் விட மாட்டான். இன்னொண்ணு போட்டாத்தான் அவனுக்கு மனசு ஆறும்."

அவனுடைய வக்கீல் தன் தலையில் கை வைத்துக்கொண்டபோதுதான், தான் சொன்னது என்ன என்று முதலாளிக்கு உறைத்தது. பாராட்ட வந்த வாய் அப்படியே திறந்திருந்தது.

முதல் அடி காப்பாற்றியது, இரண்டாவது கொன்றது என்றார் நீதிபதி. ஐந்து ஆண்டு.

சிறைப் பட்டறையில் இப்போது அவன் ஆணி அடிக்கிறான். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் நிறுத்தி, குனிந்து பார்க்கிறான். பார்க்க வந்த தங்கையிடம் அதைச் சொல்லி, அன்றைக்கும் இப்படி ஒருதரம் பார்த்திருக்கலாம் என்று தலைகவிழ்ந்தான்.

மடங்காத விரல்களால் அவள் கம்பியைத் தொட்டாள்.

"பார்த்திருந்தா நீ வெளிய இருந்திருப்ப அண்ணே. அவனும் இருந்திருப்பான்."