முதல் இருக்கைக்காரரின் கையை நான் கொன்ற கதை

1. நான்கு கார்டுகள்

என் இடது கைக்குள் நான்கு கார்டுகள் வந்திருந்தன. இரண்டுதான் வந்திருக்க வேண்டும். அது எனக்கு உறைப்பதற்குள் நான்கையும் மக்கில் போட்டுவிட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். போக்கரில் ஒருவரிடம் இருக்கும் இரண்டு கார்டுகளுக்குக் 'கை' என்று பேர். ஆட்டத்தை விட்டவர்களின் கார்டுகளை டீலர் தன் முன்னால் குவித்து வைப்பார். அந்தக் குவியல்தான் மக். அதில் விழுந்த கை செத்த கை. பினாங்கிலிருந்து புறப்படும் கசினோ கப்பலில் பதினெட்டு வருஷம் டீலராக இருந்தேன். உயிரோடு இருந்த கை ஒன்றை ஒரே ஒரு தடவை கொன்றிருக்கிறேன்.

இப்போது இந்த வேலைக்குப் போகும் பிள்ளைகள் பாக்கார் ஆராங்கில் என் வீட்டுக்கு வந்து ஷஃபிள் சொல்லிக் கொடுங்கள் என்கிறார்கள். ஷஃபிள் ஒரு மாதத்தில் வந்துவிடும். அதற்கு நான் எதற்கு? எனக்குச் சொல்ல இருப்பது இந்த ஒரு நாள்தான்.

2. வீல் நட்

அது நான் வேலையில் இருந்த கடைசி வருஷம், ஒரு டோர்னமெண்டின் கடைசி மேசை. ஒன்பது பேர் மிச்சம். எனக்கு இடப்பக்கம் முதல் இருக்கையில் சேகர் என்பவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, வெயிலில் கறுத்த முழங்கை. டீலர் தவறி எடுத்துவிடாமல் இருக்க ஆட்டக்காரர்கள் தங்கள் கார்டுகளின் மேல் ஏதாவது ஒரு பாரம் வைப்பார்கள். மற்றவர்கள் வெள்ளிக் காசு, பளிங்குக் கல் என்று வைத்திருந்தார்கள். இவர் வைத்திருந்தது ஒரு லோரியின் வீல் நட்.

நன்றாகவே ஆடினார். ஒரு கையில் இரண்டு குவீன் வைத்திருந்தும், எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விரிக்கும் கார்டுகளில் ஏஸ் விழுந்ததும் யோசித்து விட்டுவிட்டார். எதிராளி சிரித்துக்கொண்டே தன் ஏஸைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் சிப்ஸ் குறைந்துபோய், ஏஸும் பத்தும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தள்ளினார். கடைசிக் கார்டு பத்தாக விழுந்து தப்பித்தார். உடனே அந்த நட்டை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நம் ஆட்கள் லோரி எடுக்குமுன் ஸ்டியரிங்கைத் தொட்டு ஒற்றிக்கொள்வார்களே, அதே மாதிரி.

அந்தச் சந்தோஷத்தில்தான் என்னிடம் பேசினார்.

"அக்கா, நீங்க நம்ம பக்கமா?"

"குருண்" என்று என் ஊரைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. மேசையில் ஆங்கிலம் மட்டும்தான்.

"நான் பக்கத்துல செமிலிங்க்கா. பதினோரு வருஷமா தவுக்கே மொதலாளியோட செம்பனை லோரி ஓட்டுறேன். இன்னைக்கு மூணு எடத்துக்குள்ள வந்துட்டா சொந்தமா ஒன்னு எடுத்துருவேன்லா."

ஆறாம் இருக்கையில் இருந்த பினாங்கு வியாபாரி கையைத் தூக்கி ஃப்ளோர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். டீலரும் முதல் இருக்கையும் அவர்கள் பாஷையில் பேசிக்கொள்கிறார்கள் என்று புகார். சூப்பர்வைசர் லிம் என் காதருகே குனிந்து மலாயில், "உன் ஆளா?" என்று கேட்டார். இல்லையென்றேன். "அப்படியென்றால் வாயை மூடிக்கொண்டு கார்டைப் போடு" என்று போய்விட்டார். எனக்குக் காது மடல் சுட்டது. அதன் பிறகு முதல் இருக்கைப் பக்கம் நான் முகத்தைத் திருப்பவே இல்லை.

அடுத்த சுற்றில் ஐந்தாம் இருக்கை விட்டது. வியாபாரி எல்லா சிப்ஸையும் தள்ளி ஆல் இன் என்றார். ஏழு, எட்டு, ஒன்பது மூவரும் விட்டார்கள். சேகர் நெடுநேரம் யோசிக்கவில்லை. அதை ஏற்று, "கால்" என்று தன்னிடம் இருந்த அத்தனையையும் முன்னே நகர்த்தினார். பிறகு நட்டைக் கார்டின் மேலிருந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து இரண்டாம் இருக்கைக்காரர் தன் கார்டுகளை விட்டெறிந்தார். அவை வழுக்கி வந்து சேகரின் கார்டுகளோடு முட்டி நின்றன. முகத்தைத் திருப்பாமலே கையை மட்டும் நீட்டி வாரினேன்.

3. ஒரு கேள்வி

"அக்கா, என் கார்டு" என்றார் சேகர். சத்தம் போடவில்லை. ஏதோ விளையாட்டு என்று நினைத்தவர் போல லேசாகச் சிரித்தார்.

லிம் வந்தார். விதிப்படி கார்டைக் காப்பது ஆட்டக்காரரின் பொறுப்பு. டீலர் தவறுதலாக எடுத்துவிட்டாலும் கை செத்ததுதான், போட்ட சிப்ஸ் திரும்பாது. ஆனால் எந்தக் கார்டுகள் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தால் எடுத்துக் கொடுக்கலாம்.

"கிங் ரெண்டு. ஹார்ட், ஸ்பேட்" என்றார் சேகர்.

வாயால் யாரும் எதையும் சொல்லலாம், டீலர் உறுதியாகச் சொன்னால்தான் மக்கைத் திறப்பேன் என்றார் லிம். என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார். "மேலே இருக்கும் இரண்டும் அவருடையதா? நூறு சதவீதம்?"

எனக்குத் தெரியும். இரண்டாம் இருக்கையின் கார்டுகள் முதலில் விரலுக்கு வந்தன, அவற்றின் மேல் சேகருடையவை ஏறின. பதினெட்டு வருஷம் கார்டு பிடித்த கைக்கு அது தெரியாமல் போகாது. ஆனால் வியாபாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். 'உன் ஆளா' என்ற பேச்சு காதை விட்டுப் போகவில்லை.

"நாட் ஷ்யூர்" என்றேன்.

கை செத்தது. மிச்சமிருந்த மூன்றாம், நான்காம் இருக்கைகளும் விட்டுவிட, வியாபாரி நடுவில் குவிந்த சிப்ஸை இழுத்துக்கொண்டு தன் கார்டுகளைத் திருப்பிக் காட்டினார். இரண்டு ஒன்பது. கிங்குகள் அங்கேயே ஜெயித்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். மேசையில் ஐந்து கார்டு விழுந்து தோற்றும் இருக்கலாம். அந்த ஐந்து கார்டைப் பார்க்கும் உரிமை அவருக்கு இருந்தது, அதைத்தான் நான் பிடுங்கினேன். சேகர் நட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "பரவால்லக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் லிம் கேமராப் பதிவைப் பார்த்துவிட்டு வந்தார். மேலே இருந்த இரண்டும் சேகருடையவைதானாம். "பரவாயில்லை, உன் ஆள் என்று சாய்ந்துவிடாமல் இருந்தாயே" என்று தோளில் தட்டினார். என் வேலைக் காலத்தில் கிடைத்த பாராட்டுகளில் இந்த ஒன்றுக்குத்தான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

4. குருணில் ஒரு தே தாரிக்

வேலையை விட்டு இரண்டு வருஷம் கழித்துக் குருணில் ஒரு மாமாக் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று ஓரமாக வந்து நின்றது. இறங்கி வந்தவர் சேகர். கதவில் தவுக்கேயின் பெயர்தான் எழுதியிருந்தது.

"கப்பல் அக்காதானே?" என்று எதிரே உட்கார்ந்து எனக்கும் சேர்த்து நுரை பொங்கும் தே தாரிக் டீ சொன்னார். "அன்னைக்கு என்னால ஒங்க வேலைக்கு ஒன்னும் ஆவலையே? நான்தான் நட்ட எடுத்திருக்கக் கூடாது."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அதைத்தான் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குத் தெரியும் என்பதையும், தெரியாது என்று சொன்னதையும்.

அவர் கிளாஸை மேசை மேல் வைத்தார்.

"சாமியே வேணான்னு சொல்லிருச்சுன்னு நெனச்சேங்க்கா. இல்லாட்டி அந்த நேரம் பாத்து ஏன் நட்ட எடுக்கப் போறேன்? அதோட கார்ட தொடல. மனசு ஆறிப் போயி பொழப்பப் பாத்துக்கிட்டு இருந்தேன்." என் முகத்தை அப்போதுதான் பார்த்தார். "இப்ப வந்து நான்தான்னு சொல்றீங்க. இத நான் எங்க கொண்டு போயி வைக்கிறது?"

எண்ணெய் மில் மூடுவதற்குள் போக வேண்டும் என்று எழுந்து, எனக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

பிள்ளைகளே, ஃப்ளோர் சூப்பர்வைசர் வந்து கேட்டால் உங்கள் கைக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுங்கள். கார்டுக்குச் சொந்தக்காரர் உங்கள் ஊர்க்காரராக இருந்தாலும், பக்கத்தில் நிற்கிறவன் என்ன நினைத்தாலும் சொல்லுங்கள். அன்று மேசையில் சொல்லியிருந்தால் அது சேகருக்கு நான் செய்த நியாயமாக இருந்திருக்கும். இரண்டு வருஷம் கழித்து நான் சொன்னது என் சுமையை அவர் தலையில் இறக்கிவைத்தது, அவ்வளவுதான்.