ஈயக் குண்டு வைத்த முக்காடு

இந்த ஊரில் காற்று வீசுவதென்றால் முதலில் குண்டூசியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வீசும். சரி, அவ்வளவு இல்லை. பாதியைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஒரு மாதம் காற்றைப் பற்றி அவளைவிட அதிகமாகக் கவலைப்பட்டவர்கள் வானிலை ஆபீசில்கூட இருந்திருக்க மாட்டார்கள். அதில் கழிக்க ஒன்றுமில்லை.

குண்டூசி என்பது பட்டப்பெயர். கல்யாண அலங்காரம் அவள் தொழில். வேலை நேரமெல்லாம் உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்வியபடியே பேசுவாள், திட்டுவாள், சிரிக்கவும் சிரிப்பாள். இருபத்திரண்டு வருஷமாக மண்டபங்களுக்குள் பூ வளைவு கட்டியவள். மணப்பெண்ணின் தலைச் சீப்பு, நெற்றிச் சரம், அந்தச் சீப்பில் மாட்டித் தரைவரை விடும் முக்காட்டு வலை எல்லாம் வீட்டு முன்னறையில் அவள் கையாலேயே உருவானவை. மண்டபத்தில் காற்று என்பது வெறும் சுவிட்ச். வேண்டாமென்றால் அணைத்துவிடலாம்.

அண்ணன் மகள்தான் ஆரம்பித்து வைத்தாள்.

"அத்தை, எனக்குப் புல்வெளியில கல்யாணம். மரம், வானம், அவ்வளவுதான். நீங்க செஞ்சு கொடுப்பீங்கள்ல?"

"செஞ்சுட்டாப் போச்சு" என்றாள் குண்டூசி, யோசிக்காமல்.

அண்ணன் இரும்புக் கடைக்காரர். ஆணியை எடை போடுவதுபோலத்தான் அவர் பேச்சும். "புல்வெளிக்குப் பக்கத்துலயே மண்டபம் இருக்கு. அதையும் சொல்லி வச்சுட்டேன், சாவி என் சட்டைப் பையில. ஒரு ரிப்பன் பறந்தாலும் சரி, மொத்தக் கூட்டத்தையும் உள்ள கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் அத்தையும் மருமகளும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"ஒரு நூல்கூடப் பறக்காது அண்ணா" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டாளே, வேறென்ன செய்வாள்?

அன்றிலிருந்து அவள் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பெடஸ்டல் ஃபேனை முன்னறை நடுவில் நிறுத்தி, எதிரே துணிக்கடைப் பொம்மை ஒன்றை மணப்பெண்ணாக்கினாள். மூன்றாம் எண்ணில் வைத்ததும் முக்காடு பறந்து சுவர்க் கடிகாரத்தில் மாட்டிக்கொண்டது. சீப்பை ஆழமாகச் செருகினாள், அப்படியும் பறந்தது. கிளிப் ஆறு போட்டாள், பொம்மையே சாய்ந்தது. சாப்பாட்டில் பாதியில் எழுந்து போய், எச்சில் கையோடு ஃபேனைப் போட்டுப் பார்ப்பாள். தெருவில் நடந்தால் யார் வீட்டுக் கொடியில் துணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்றுதான் கண் போகும். வீட்டுக்காரர் ஒருநாள் தும்மினார். "அந்தப் பக்கம் திரும்பித் தும்முங்க, ரோஜா ஆடுது" என்றாள்.

கடைசியில் ஒரு வழி கிடைத்தது. அண்ணன் காதில் விழாதபடி நாலு தெரு தள்ளிப்போய், தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டு நாற்பது வாங்கிவந்தாள். முக்காட்டின் விளிம்பு நெடுக, வெள்ளை மணிச் சரத்துக்குள் ஒளித்துத் தைத்தாள். பூ வளைவின் கால்களை மணல் வாளியில் நட்டாள். ரோஜாக்களுக்குக் கழுத்துவரை கம்பி. ஃபேனை முழு வேகத்தில் வைத்தாள். பொம்மை ராணி மாதிரி நின்றது.

கல்யாண நாள் வந்தது. காற்றுதான் வரவில்லை.

ஓர் இலை அசையவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தார்கள். நடைபாதை ஓரம், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணன் சட்டைப் பையைத் தட்டித் தட்டிச் சாவியைக் கிலுக்கினார். ஒவ்வொரு கிலுக்கலுக்கும் குண்டூசி வளைவு ரோஜாவை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

பெண் நடந்து வந்தாள். புல்லில் ஈயம் சும்மா வருமா? நாற்பது குண்டும் சேர்ந்து பின்னால் இழுக்க, அவள் தாடை மேலே மேலே போனது. பத்தடி வைப்பதற்குள், மரக்கிளையில் காக்காய் எண்ணுகிறவள் மாதிரி ஆகிவிட்டாள்.

"பொண்ணுக்குக் கண்ணு தரையிலயே இல்லையே, இப்பவே இவ்வளவு மிதப்பா?" என்றாள் மாப்பிள்ளையின் பெரியம்மா.

"அத்தை, கழுத்து போகுது" என்று பெண் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். "எதையாவது பண்ணுங்க."

குண்டை எடுத்தால், காற்று வந்தால், வாக்குப் போச்சு. குண்டூசி வானத்தைப் பார்த்தாள். அண்ணனின் பையைப் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலோடு மண்டி போட்டாள். பெண் நடக்க நடக்க, பின்னாலேயே தவழ்ந்து, குண்டு குண்டாக வெட்டித் தள்ளினாள். அதுவும் கல்யாணத்தில் ஒரு பகுதிதான் போலிருக்கிறது என்று கூட்டம் மரியாதையாக எழுந்து நின்றது.

நாற்பதாவது குண்டு புல்லில் விழுந்ததுதான் தாமதம், எங்கே ஒளிந்திருந்ததோ, வந்தது காற்று! முக்காடு எழுந்தது, விரிந்தது, நேராகப் போய் அண்ணன் முகத்தைப் போர்த்திக்கொண்டது. குண்டூசி தவழ்ந்த நிலையிலேயே கண்ணை மூடிக்கொண்டாள்.

வலைக்குள்ளிருந்து அண்ணன் எழுந்தார். பைக்குள் கையை விட்டார். சாவி கை நழுவிப் புல்லில் விழுந்து காணாமலே போயிற்று. அதைத் தேட அவர் குனியவில்லை. துணியை முகத்திலிருந்து விலக்கி, அதன் இரண்டு நுனியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மகளுக்குப் பின்னால் கொடிக்கம்பம் மாதிரி மூன்று மணி நேரம் நின்றார். பெண் அப்போதுதான் நேராகப் பார்த்துச் சிரித்தாள்.

இதுவரை எழுதியதை நான் வாசித்துக் காட்டியதும், டீயை ஆற்றிக்கொண்டிருந்த குண்டூசியின் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மூணு மணி நேரமெல்லாம் இல்ல, அரை மணி இருக்கும். சாவியும் விழல. மண்டபச் சாவியை முந்தின வாரமே திருப்பிக் கொடுத்தாச்சு. பையில கிலுங்கினது என் கடைச் சாவி."