நிறைந்த பாட்டில்கள்

எங்கள் ஷூ கம்பெனியின் தையல் வரிசையில் தண்ணீர் பாட்டில் கொண்டுவராத பெண் கிடையாது. அதிலிருந்து குடிக்கிற பெண்ணும் கிடையாது. காரணம், சூப்பர்வைசர் மேசையோரம் ஆணியில் தொங்கும் ஒரு மஞ்சள் அட்டை. பாத்ரூம் போக வேண்டுமென்றால் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். இருப்பது ஒரே அட்டை. ஒருத்தி போய்த் திரும்பினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். அதற்குள் அவள் மெஷின் பக்கத்தில் தைக்க வேண்டிய தோல் மலையாகக் குவிந்துவிடும். எதற்கு வம்பு என்று, காலையில் நிரப்பிய பாட்டிலை மாலையில் அப்படியே வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செடிக்கு ஊற்றுவோம். என் வீட்டுக் கறிவேப்பிலை அந்தத் தண்ணீரில்தான் தழைத்தது.

இந்த வித்தையில் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டவள் என் பக்கத்து மெஷின் அக்கா. காலையில் உட்கார்ந்தால் சாயந்தரம் சைரன் ஊதும்போதுதான் எழுந்திருப்பாள். ஒட்டகம் என்று கேலி செய்வோம். பட்டம் கொடுத்ததுபோலச் சிரிப்பாள்.

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரிசைப் பெண்கள் எல்லோரும் வேன் பிடித்து அமிர்தி அருவிக்குப் போவது என்று முடிவானது. கத்திரி வெயிலில் வேலூர் பக்கம் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்குப் புத்தி இருக்கிறதா என்று வீட்டில் கேட்டார்கள். அருவி என்ற பெயரைக் கேட்டதும் எங்கள் புத்தி முன்னாலேயே வேன் ஏறிவிட்டது. கம்பெனிப் பாதுகாப்புக் குழுவில் நானும் ஒருத்தி. தீ விபத்துப் பயிற்சியில் பச்சைப் பட்டை கட்டிக்கொண்டு விசில் ஊதுகிறவள். அந்தத் தகுதியில் பயணத்தின் பாதுகாப்பையும் நானே தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். தொப்பி, குடை, பருத்தித் துணி, ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் என்று வாட்ஸாப்பில் பேசிப் பேசி எல்லோரையும் பேஜார் பண்ணினேன். பாட்டிலைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் ஒவ்வொருத்தியையும் வேனில் ஏறவிட்டேன்.

அருவியில் பாறை மட்டும்தான் இருந்தது. அதன்மேல் ஒரு குரங்கு உட்கார்ந்து எங்களை இளக்காரமாகப் பார்த்தது. அங்கிருந்த மிருகக்காட்சிசாலையில் மானையும் மயிலையும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். இவ்வளவு தூரம் வந்துவிட்டுச் சும்மா போவதா என்று அக்காதான் வழியில் ஒரு புளியமரத்தடியில் வேனை நிறுத்தச் சொன்னாள். பக்கத்துக் காலி நிலத்தில் கோ-கோ ஆடலாம் என்றாள். பள்ளிக்கூடத்தில் கோ-கோ டீமில் இருந்தாளாம். கல்யாணத்துக்குப் பிறகு பஸ்ஸைப் பிடிக்க ஓடியதோடு சரியாம். சொல்லிக்கொண்டே புடவையைத் தூக்கிச் செருகிவிட்டாள்.

உச்சி வெயிலில் அப்படி ஓடினாள். அவள் வயதில் பாதி இருப்பவர்களால்கூட அவளைத் தொட முடியவில்லை. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. முகம் செக்கச்செவேல் என்று ஆனதைக் கண்டு, குடைக்கடியில் நின்றபடி தண்ணீர் குடிக்கச் சொன்னேன்.

"சும்மா இருடி. குடிச்சிட்டு அப்புறம் எங்க போறது? சுத்திலும் வெட்டவெளி," என்றாள்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஆட்டம் முடிந்து நிழலுக்கு வந்தவள் உட்காரவில்லை. கைகளை முன்னால் நீட்டி, மெஷின் பெடலை அழுத்துவதுபோல் தரையை மிதித்தாள். "நூல் அறுந்துபோச்சு. சாரைக் கூப்பிடு," என்றாள். நடிக்கிறாள் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல்லாகக் கொதித்தது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. அப்படியே என்மேல் சரிந்தாள்.

உடம்பைக் குளிரவைக்க வேண்டும் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. பாட்டில்களைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினேன். வந்து குவிந்தன. எல்லாம் கழுத்துவரை நிறைந்திருந்தன. காலையில் நான் சோதித்து ஏற்றிய தண்ணீர், ஒரு வாய் குறையாமல் அப்படியே இருந்தது. பாதுகாப்பு அதிகாரியம்மாவின் பாட்டிலும்தான்.

அத்தனையையும் அவள் தலையிலும் கழுத்திலும் ஊற்றினோம். துப்பட்டாக்களை நனைத்துப் போர்த்தி, வேன் ஜன்னல்களைத் திறந்துவைத்து, விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம். இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டில் காத்திருக்கும் அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் அழுதேன்.

சாயந்தரம்தான் அக்காவுக்கு நினைவு தெளிந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா எங்களைத் திட்டித் தீர்த்தார். பிறகு, கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தாய் என்று அவளைக் கேட்டார். அக்கா யோசித்துப் பார்த்தாள்.

"நேத்து சைரன் ஊதனப்புறம்," என்றாள்.

டாக்டரம்மா எங்கள் பக்கம் திரும்பினார். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டு அக்கா வேலைக்கு வந்தாள். முதல் நாளே, டீ வருவதற்கு முன்னால், மெஷினை நிறுத்திவிட்டுப் பாட்டிலை எடுத்து அண்ணாந்தாள். மடக் மடக்கென்று அவள் குடிக்கும் சத்தம் வரிசை முழுக்கக் கேட்டது. நானும் எடுத்தேன். எனக்கு அடுத்தவளும் எடுத்தாள். சற்று நேரத்தில் மஞ்சள் அட்டைக்கு முன்னால் ரேஷன் கடை மாதிரி கூட்டம் நின்றது.

"இன்னாம்மா, எல்லாருக்கும் ஒரே நேரத்துலயா?" என்றார் சூப்பர்வைசர்.

"ஆமா சார். எல்லாரும் தண்ணி குடிச்சிட்டோம்," என்றாள் அக்கா.

அவர் அட்டையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பின்னால் இன்னும் அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தவர்களையும் பார்த்தார். பிறகு அட்டையை ஆணியிலிருந்து கழற்றி டிராயருக்குள் போட்டு மூடினார்.

அன்றிலிருந்து என் கறிவேப்பிலைக்குக் குழாய்த் தண்ணீர்தான்.