முழங்காலுக்குக் கீழே மின்சாரம் இல்லை

உதட்டைக் குவித்து வலப்பக்கமாகச் சற்றே நீட்டினார் கஸ்பார். ஃபியூஸ் பெட்டியைத் திற என்று பொருள். வாய் நிறைய வெற்றிலையும் பாக்கும்; கட்டைவிரல்கள் இரண்டும் இடுப்பு வாரின் வெள்ளிப் பூட்டுக்கு இருபுறமும் செருகியிருந்தன. ஆகவே, சுட்டிக்காட்ட அவரிடம் எஞ்சியிருந்தது உதடு ஒன்றுதான். பெட்டியைத் திறப்பதும், ஃபியூஸைப் பிடுங்கிக் கண்ணெதிரே நீட்டுவதும், மறுபடி செருகுவதும் ஓட்டுநர்களின் வேலை. பார்த்துத் தலையசைப்பது அவர் வேலை.

பிலிப்பைன்ஸ் மலைநாட்டின் ஹல்செமா நெடுஞ்சாலையில், அபாத்தான் ஊருக்குச் சற்று முன்னால், மலைச்சரிவில் தொற்றிக்கொண்டிருக்கிறது அவருடைய தகரக் கொட்டகை. நண்பகல் சாய்ந்ததும் அங்கே மேகம் சாலையில் வந்து படுத்துவிடும். தலைவிளக்கைப் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் எழும். பம்பருக்குக் கீழே தாழப் பொருத்திய மஞ்சள் பனிவிளக்கு மட்டுமே சாலையின் ஓரக்கோட்டைக் காட்டும். கோட்டுக்கு அப்பால் பள்ளத்தாக்கு. அந்த விளக்கைச் செப்பனிடும் ஒரே மனிதர் என்பதால், பாதிரியாருக்கு உரிய மரியாதையை மலை மக்கள் அவருக்கு அளித்தார்கள். அவர் ஆயருக்கு உரியதை எடுத்துக்கொண்டார்.

வெள்ளைக் கௌபாய் தொப்பி, கத்தி முனைபோல் மடிப்பெடுத்த ஜீன்ஸ், கூர்முனைத் தோல் பூட்ஸ். அந்த மலையில் முட்டைக்கோசு பயிரிடுவோரும் இப்படித்தான் உடுத்துவார்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில். கஸ்பாருக்கு எல்லா நாளும் ஞாயிறு. இந்த உடுப்பில் நிற்கலாம், சாயலாம், சிரமப்பட்டுக் குனியவும் செய்யலாம்; மண்டியிட முடியாது. எனவே அவருடைய மின்னியலும் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. பல்பு, சுவிட்சு, ஃபியூஸ், ரிலே: நின்றபடி கைக்கு எட்டுவன எவையோ, அவற்றில்தான் கோளாறு நிகழும்.

“கீழ என்னய்யா இருக்கு? வெறும் இரும்பு” என்பார்.

விளக்கைக் கடந்த மின்சாரம் எர்த்து வயர் வழியாக அந்த வெறும் இரும்பில் இறங்கித்தான் பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். அது திரும்பும் வழியை அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை. விசாரிக்காமைக்கு வேறொரு காரணமும் உண்டு. மலையிலிருந்து கோசு இறக்கும் லாரிகள், திரும்புகையில் சமவெளிப் பண்ணைகளின் கோழி எருவை ஏற்றி வரும். மூட்டைகளின் சாறு ஒழுகி அடிச்சட்டத்தில் ஊறும். செம்பைப் பச்சை பூக்க வைத்து அரிக்கும் அந்தச் சாறு, கஸ்பாரின் மூக்கையும் அரிக்கும்.

சென்ற வாரம், கோசு லாரி ஓட்டும் லூக்காஸ், அப்பொலோனியாவின் கணவன், அணைந்த பனிவிளக்கோடு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஓரக்கோட்டைத் தேடித் தேடி மலையிறங்கியிருந்தான். இம்முறை அவளே கூட வந்து கொட்டகையின் முன் நின்றாள். பின்னால் லாரி நிறைய முட்டைக்கோசு.

“மனோங், போன தடவ பல்பு. அதுக்கு முந்தி சுவிட்சு. இன்னிக்கு எதுங்க?”

மூத்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் ‘மனோங்’. எச்சிலை உமிழ்ந்தார். “உன் வீட்டுக்காரன் கோழிக் கழுத்தத் திருகுற மாதிரி சுவிட்சத் திருகுறாம்மா. லைட்டு என்ன பண்ணும், பாவம்?”

ரிலே மாற்றப்பட்டது. விளக்குகள் எரிந்தன.

“எரியுதா? எரியுது. வேற என்ன வேணும், பாட்டுப் பாடணுமா?”

“இங்க எரியும். வளைவுல ஒரு குலுக்கு குலுக்குனா அணைஞ்சிடுது.”

“வளைவெல்லாம் என் பொறுப்பில்ல. ரோடு போட்டவனப் போய்க் கேளு.”

அப்பொலோனியா லாரியின் கதவைத் திறந்து பிடித்தாள். “அப்ப ஏறுங்க மனோங். எனக்கு இருக்கறது ஒரே புருஷன். நீங்க கூட இருந்தீங்கன்னா லைட்டுக்கும் கொஞ்சம் பயம் இருக்கும்.”

எதிர்ச் சாப்பாட்டுக் கடையில் இருந்தவர்கள் சூப்புக் கிண்ணங்களைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். சிரிப்பவர்கள் முன்னால் மறுக்க இயலாது. ஏறினார். கூரை தாழ்வு, தொப்பியைக் கைக்குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டார்.

மேகம் இறங்கியிருந்தது. வளைவுகளில் பனிவிளக்கு எரிந்தது. கஸ்பாரின் மோவாய் ஒவ்வொரு வளைவுக்கும் சிறிது உயர்ந்தது. பிறகு ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. மஞ்சள் வெளிச்சம் மறைந்தது. லூக்காஸ் பிரேக்கை மிதித்தான். வண்டி நின்ற பிறகும், எங்கோ கீழே கற்கள் உருளும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. அது ஓய வெகுநேரம் ஆயிற்று.

“மனோங்,” என்றான் லூக்காஸ், ஸ்டியரிங்கை விடாமல், “இப்ப எந்தப் பக்கம் உதட்ட நீட்டப் போறீங்க?”

“ரிலேவா இருக்கும்...”

“இப்பத்தான மாத்துனீங்க” என்றாள் அப்பொலோனியா.

“பல்பு...”

“அதுவும் புதுசு.”

“சுவிட்சு...”

“அதுவுந்தான்.”

மேலே இருந்த பொருள்கள் தீர்ந்துவிட்டன. அவள் டார்ச்சையும் காய் நறுக்கும் கத்தியையும் அவர் கையில் திணித்தாள். தொப்பியைத் தான் வாங்கிக்கொண்டாள். கஸ்பார் சாலையைப் பார்த்தார், பனியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். பின்பு, மலைப்பக்கமாக இறங்கி, சேற்றில் மல்லாந்து, லாரிக்கு அடியில் நகர்ந்தார்.

“ஐயோ, என்ன நாத்தம் இது!”

“கோழி எருதாங்க. நீங்க தின்னுற கோசும் அதத் தின்னுட்டுத்தான் வளருது.”

சிறிது நேரம் வசை மட்டும் வந்தது. பிறகு, எர்த்து வயர் இரும்பைத் தொடும் இடத்தில் கத்தி உரசும் ஓசை. பச்சைத் துகள் உதிர்ந்தது. துளி துளியாக வேறு ஏதோவும் சொட்டியது, வசையின் நடுவே ஒருமுறை துப்பும் சத்தம் கேட்டது. விளக்கு மினுக்கிற்று, மங்கிற்று, முழுதாய் எரிந்தது. ஓரக்கோடு தெரிந்தது. சக்கரம் அதைத் தாண்டிப் பள்ளத்தாக்குப் பக்கம் நின்றிருந்தது. லூக்காஸ் எட்டிப் பார்த்துவிட்டுச் சிலுவையிட்டுக்கொண்டான். வண்டியைப் பின்னால் எடுக்கக் கியரை மாற்றினான்.

அப்பொலோனியா இறங்கிக் குனிந்தாள். “எரியுது மனோங்! வெளிய வாங்க. நீங்க வந்தாத்தான் வண்டிய நகத்த முடியும். பனி இறுகுது!”

லாரிக்கு அடியிலிருந்து இரண்டு பூட்ஸ்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வலது பூட்ஸ் மெல்ல உயர்ந்து, இடக்கால் ஜீன்ஸின் மடிப்பின் மேல் முனையை வைத்து, சேறு போகத் தேய்த்தது. உள்ளிருந்து டார்ச் ஒளி திரும்பி அந்த முனைமேல் விழுந்து, சற்று நின்றது. பிறகு இடது பூட்ஸ் உயர்ந்தது.