மேடையில் சொன்ன எண்

பேச்சுப் போட்டியில் ஏழு நிமிடம் கொடுத்தால் ஆறாவது நிமிட முடிவில் எச்சரிக்கை மணி அடிக்கும். அந்த மணிக்கு முன் பேச்சாளர் ஓர் எண்ணைச் சொல்லி நிறுத்த வேண்டும் என்பது நான் பெற்ற பயிற்சி. உவமை கைதட்டலைக் கேட்டு வாங்கும். எண் கேட்காமலே வாங்கிவிடும். அரிமளத்திலிருந்து புதுக்கோட்டைக்குப் போட்டிக்குப் போய்க் கோப்பையில்லாமல் நான் பேருந்து ஏறிய நாள்கள் குறைவு. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

சென்ற ஆண்டு ஒரு கல்லூரிப் போட்டியில், சிறு சமூகங்களின் உடல்நலம் என்ற தலைப்பில் பேசினேன். நம் மாவட்டத்து நரிக்குறவர் குழந்தைகளில் பத்துக்கு இத்தனை பேர் இரத்தசோகையால் வாடுகிறார்கள் என்றேன். அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. முதல் பரிசு எனக்கு. அந்த எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அது இன்னொரு முறை புறப்பட்டுவிடும்.

முதல் முறை அது புறப்பட்டது காணொளியாக. கைபேசிக்குக் கைபேசி தாவி, நார்த்தாமலை போகும் சாலையோரத்து நரிக்குறவர் குடியிருப்பில் ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, பாசிமணி கோத்து விற்றபடியே தபால் வழியில் பட்டம் படிப்பவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மாதம் ஒருமுறை மருத்துவ வண்டி தங்கள் குடியிருப்புக்கு வர வேண்டும் என்று மனு எழுதியவர், என் எண்ணை அதன் முதல் வரியில் வைத்தார். திங்கட்கிழமை மனு நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். அன்று மதியமே, கல்லூரியில் விசாரித்து என்னை அழைத்தார்.

"தங்கச்சி, நீங்க பேசுனத வச்சுத்தான் மனுப் போட்டேன். இது எங்க எடுத்ததுன்னு ஆபீசர் கேக்குறாரு. அடுத்த திங்கக்கெழம ஆதாரம் கொண்டாந்தா மேல எழுதுவேங்கிறாரு. அந்தப் பேப்பர மட்டும் அனுப்பிவிடுங்களேன்."

"இன்னைக்கே அனுப்புறேங்க்கா" என்றேன். என்னிடம் எந்தப் பேப்பரும் இல்லை. பேச்சுக்கு எழுதிய குறிப்பு அட்டையில் எண் மட்டும் இருந்தது, சிவப்பு மையில், அடிக்கோட்டுடன்.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நூலகத்தில் ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்கு மாறினேன். பேருந்தில் நின்றுகொண்டே கைபேசியில் தேடினேன். அந்த எண் பல பக்கங்களில் இருந்தது. ஒவ்வொன்றும் மற்றொன்றைச் சான்று காட்டியது; எதுவும் ஓர் ஆய்வைக் காட்டவில்லை. தேடுவதையே எனக்கு யாரும் கற்றுத் தந்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. எடுத்தாளத்தான் கற்றுத் தந்திருந்தார்கள். அரசின் அறிக்கைகளில் இந்தச் சமூகம் தனி வரியாக இல்லை. பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முந்தைய கணக்குகளில் பெருங்கூட்டத்துக்குள் கரைந்திருந்தார்கள். அவர்கள் தங்களை வாக்ரி என்று சொல்லிக்கொள்வார்கள் என்று படித்து, அந்தச் சொல்லையும் இட்டுத் தேடினேன். மொழி பற்றிக் கிடைத்தது, சடங்கு பற்றிக் கிடைத்தது.

வியாழக்கிழமை மாலை என் பழைய கோப்பு ஒன்றில் அந்த ஆய்வே அகப்பட்டது. வேறு மாநிலம், மலை மாவட்டம், வேறொரு மக்கள். மிகச் சில வீடுகளில் எடுத்தது. பிற இடங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம் என்று எழுதியவர்களே எச்சரித்திருந்தார்கள். அப்போது எல்லாம் நினைவுக்கு வந்தது. அந்த மாநிலத்தின் பெயர், மலை, மக்களின் பெயர் எல்லாம் என் முதல் வரைவில் இருந்தன. சொல்லிப் பார்த்தபோது வாக்கியம் நீண்டு, மணி குறுக்கே விழுந்தது. ஆகவே ஊரை வெட்டினேன். பிறகு ஓசை குறைந்ததாகப் பட்டதால், நம் மாவட்டம் என்று சேர்த்தேன். பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் அப்போது எழவே இல்லை. வாக்கியம் சரியாக அமைந்த மகிழ்ச்சிதான் இருந்தது.

சனிக்கிழமை குடியிருப்புக்குப் போனேன். அந்த வாரம் திருவிழாவுக்குக் கிளம்பாமல் தங்கிவிட்ட சில குடும்பங்களே அங்கே இருந்தன. வழியெல்லாம் ஒரு விளக்க உரையை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் வாசலில் அமர்ந்து பாசி கோத்துக்கொண்டிருந்தார். அடுக்கியது எதுவும் வாயில் வரவில்லை.

"அந்த எண்ணு ஒங்களப் பத்தினது இல்லக்கா. வேற யாரோ. நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

அவர் ஊசியை நிறுத்தவில்லை. "கப்பு குடுத்தாங்களா அதுக்கு?"

"குடுத்தாங்க."

"எங்க புள்ளைங்க ரத்தத்துக்குக் கப்பு வாங்கிட்டு, அதுவும் எங்க ரத்தம் இல்லேங்குறீங்க." பக்கத்தில் இருந்த பெண்களிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார், சிரிப்பு எழுந்தது. என்னை உட்காரச் சொல்லாமல் பாயை மட்டும் என் பக்கம் தள்ளினார். "சரி, எங்களப் பத்தி வேற எங்கதான் எழுதியிருக்கு?"

கிடைத்தவற்றைச் சொன்னேன்.

"நரி புடிச்சத எழுதுனவங்க, காய்ச்சல் வந்தத எழுதலையாக்கும்" என்றவர் எழுந்து உள்ளே போனார். திரும்பும்போது கையில் ஒரு நெகிழிப் பை. அதில் அவருடைய மகளின் தடுப்பூசி அட்டை. அதைப் பார்த்து மற்றப் பெண்களும் தத்தம் வீட்டுக்குப் போய் எடுத்துவந்தார்கள். பாயில் பதினோரு அட்டைகளைப் பரப்பி, தேதி தேதியாகப் படித்தோம்.

பிறந்தபோது போட்ட ஊசி எல்லா அட்டையிலும் இருந்தது. பிந்தியவைதான் விட்டுவிட்டு இருந்தன. வெற்றுக் கட்டங்கள் பெரும்பாலும் தை முதல் வைகாசி வரை விழுந்திருந்தன. ஊசி போடும் நாள் புதன்கிழமை. அந்த மாதங்களில் இவர்கள் குடும்பத்தோடு திருவிழா திருவிழாவாகப் பாசி விற்கப் போய்விடுகிறார்கள். சனி, ஞாயிறு வியாபாரம் முடித்து, திங்களன்று வீடு திரும்பி, செவ்வாய் மாலை மறுபடி கிளம்புகிறார்கள்.

எனக்குள் உடனே ஒரு முழக்கம் உருண்டது. "புதன்கிழமை என்னும் பூட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"எழுதுங்க. பேசாதீங்க" என்றார் அவர்.

எழுதினேன். புது மனுவில், பார்த்த அட்டைகள் பதினொன்று என்று எழுதியதும் என் பேனா தயங்கியது; அது சின்ன எண். மனு நிற்குமா என்ற கவலையில், மற்ற வீடுகளிலும் இதே நிலை என்று சேர்க்கலாமா என்று கேட்டேன்.

"அவுங்க தூரத்துத் திருவிழாவுக்குப் போயிருக்காங்க, வர நாளாகும். அட்டையப் பாக்காம எப்படிச் சேர்ப்பீங்க? தெரியலேன்னு போடுங்க."

மற்ற வீடுகளின் நிலை தெரியவில்லை என்று எழுதினேன். மேடையில் ஒருநாளும் நான் உச்சரித்திராத சொல் அது. தாளில் பார்க்கவே கூசியது.

திங்கட்கிழமை அலுவலர் மனுவை இருமுறை படித்தார். "போன வாரம் பெரிய எண்ணா இருந்துச்சே?"

"அது வேற மக்களப் பத்தினதுங்க. தப்பாச் சொன்னது நான்" என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். மனு கையிலிருந்து திரும்பிவிடும் என்றே நினைத்தேன்.

"வண்டி கேட்டீங்க. இப்ப கிழமைய மாத்தச் சொல்றீங்களேம்மா."

"வண்டி வந்தாலும் பொதன்கெழம வந்தா நாங்க இருக்க மாட்டோம் சார்" என்றார் என் அருகில் நின்ற அக்கா. "திங்கக்கெழம நர்சம்மா மட்டும் வந்தாப் போதும்."

அலுவலர் ஓரத்தில் ஏதோ குறித்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். திருவிழாக் காலம் முடியும்வரை சோதித்துப் பார்க்கலாம் என்றார். அதற்கு மேல் உறுதி தரவில்லை.

காணொளியை நீக்கச் சொல்லித் தெரிந்தவர்களையெல்லாம் கேட்டேன், சிலர் நீக்கினார்கள். நீக்காதவர்களை நினைத்தால் இன்றும் கால் தரிப்பதில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்களன்று செவிலியர் குளிர்பெட்டியோடு வந்தார். அட்டைகளிலிருந்து நாங்கள் எழுதிவைத்திருந்த பட்டியலைப் பார்த்து, விட்டுப்போன குழந்தைகளுக்கு ஊசி போட்டார். கிளம்பும் முன் என்னிடம் கேட்டார்:

"வெளியூர் போன வீட்டுப் புள்ளைங்க எத்தன பேருங்க? அதுக்குத் தக்கன மருந்து கொண்டாரணும். குப்பியத் தொறந்துட்டா மிச்சம் வீணாப் போயிரும்."

நாவில் ஓர் எண் வந்து நின்றது, உருண்டையாக, அழகாக.

"தெரியலீங்க" என்றேன். "இன்னும் வந்து சேரல. வந்ததும் அக்காவும் நானும் அட்டையப் பாத்துட்டுப் போன் பண்றோம்."