செல்வி அக்கா ஒண்ணும் நினைக்க மாட்டாங்க

எங்க நூல் மில்லில் வாரம் தவறாம, கூட வேலை பாக்கிற யாராவது பாதுகாப்பு விதியை மீறினதைச் சூப்பர்வைசர்கிட்ட சொல்லணும். சொல்லலைன்னா நம்ம மேல நடவடிக்கை.

அதனால காலையில ராஜபாளையம் போற மில் பஸ்ஸிலேயே யார் பேரைச் சொல்றதுன்னு பேசி வச்சுக்கிடுவோம். இன்னைக்கு செல்வி அக்காவே, "ஏட்டி, நான் மாஸ்க் போடலைன்னு சொல்லிரு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்"னாங்க.

சொல்லிட்டேன். அக்கா மாஸ்க்கைக் கழட்டி நான் பார்த்ததே இல்லை.

அவங்க கோவிச்சுக்க மாட்டாங்கன்னு மத்தவங்களும் அவங்க பேரையே சொல்லியிருக்காங்க. மத்தியானமே அக்காவை வேலையை விட்டு நிப்பாட்டிட்டாங்க.

என்னைக் கூப்பிட்டு, விழிப்பான தொழிலாளின்னு கைதட்டினாங்க. நானும் சேர்ந்து தட்டினேன்.

இப்போ ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்புற பஸ்ஸில், அக்கா சீட்டில் உக்கார்ந்திருக்கிற பிள்ளை கேக்குறா: "அடுத்த வாரம் உங்க பேரைச் சொல்லட்டுமாக்கா? நீங்க ஒண்ணும் நினைக்க மாட்டீங்கல்ல?"

சரின்னுட்டேன்.

உங்க கம்பெனியில எப்படி?